கடப்படியில் நின்ற மகனுக்கு

மகன், உனக்கும் உன் வீட்டில் உள்ள எல்லோருக்கும் என் ஸலாம். உன் வீடு என்று நான் எழுதியது சம்மாந்துறை வீட்டைத்தான். எழுதும்போது பேனா கொஞ்சம் நின்றது, ஆனாலும் அடிக்கவில்லை. நம் பக்கத்தில் கலியாணம் முடிந்த ஆண்பிள்ளை பெண் வீட்டோடு போய்விடுகிறான். பெண்பிள்ளை பெற்றவர்களுக்கு வீடு நிறைகிறது. ஒரேயொரு ஆண்பிள்ளையைப் பெற்றவனுக்குக் உட்கார ஆளில்லாமல் கதிரைகள் மிச்சமாகின்றன. இதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, நானும் அப்படித்தான் என் உம்மாவை விட்டுவிட்டு உன் உம்மாவின் சீதன வீடான இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தேன். வந்த நாளில் என் உம்மா எங்கே நின்று கையசைத்தா என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதை நீ போன அன்றுதான் நினைத்துப் பார்த்தேன்.

நீ போன அன்று நடந்ததைப் பற்றித்தான் எழுத வந்தேன், சுற்றி வளைக்கிறேன். காலையிலிருந்து முன் ஹோலில் உட்கார்ந்திருந்தேன். நீ பக்கத்து வீட்டில், உம்மாவின் தங்கச்சியான உன் சாச்சியிடம் மாப்பிள்ளைக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாய். நம் வீட்டில் அத்தர் பூச முடியாதே, அதனால் அங்கே. உடுத்து முடிந்ததும் இங்கே வருவாய், உன்னை ஒருமுறை இறுக்கிக் கட்டிப்பிடித்து துஆச் செய்து அனுப்புவேன் என்று காத்திருந்தேன். நீ வந்தாய், ஆனால் வேலிக் கடப்படியோடு நின்றுவிட்டாய். நான்தான் எழுந்து வந்தேன். கையை விரித்தேன். நீ ஒரு அடி பின்னால் போய், "அத்தர் பூசிரிக்கன் வாப்பா" என்று சொல்லி, கையை மட்டும் நீட்டினாய். நான் உன் கையைப் பிடித்தேன். வான்காரன் ஹோன் அடித்தான். நிக்காஹ் சபையில் உனக்குப் பக்கத்தில்தான் இருந்தேன், சாப்பிட்டேன், வந்தவர்களோடு சிரித்துக் கதைத்தேன். மாலையில் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது வீட்டில் எந்த வாசனையும் இல்லை. அதிலிருந்து ஒரே கேள்விதான் என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது. நீ பின்னால் போனது பழக்கத்திலா, கோபத்திலா?

பழக்கம் என்றால் அது நான் பழக்கியது. உனக்கு நடை வந்த வயதிலிருந்தே இந்த வீட்டின் சட்டம் உனக்குத் தெரியும். மணக்கிற எதுவும் உள்ளே வரக்கூடாது. அத்தர், சாம்பிராணி, பூ, பவுடர், தலைவலித் தைலம் ஒன்றுக்கும் அனுமதி இல்லை. கற்பூரம் என்றால் பேச்சுக்கே இடமில்லை. ஹோமியோபதி மருந்து நோஞ்சான் பிள்ளை மாதிரி, பக்கத்தில் யார் உரத்து மணந்தாலும் கெட்டுவிடும் என்றுதான் நான் படித்தேன், அதைத்தான் படிப்பித்தேன். மருந்தாக்கப் பாடத்தின் முதல் நாள் நான் கரும்பலகையில் எதுவும் எழுதுவதில்லை. மாணவர்களை வெளியே வரிசையாக நிற்க வைத்து ஒவ்வொருவராக மோந்து பார்ப்பேன். மணக்கிறவர் நேரே கிணற்றடிக்கு. ஊரார் என்னை மோப்பக்கார டொக்டர் என்று சொல்வது எனக்குத் தெரியாது என்றா நினைத்தாய்? தெரியும், உள்ளூர எனக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது.

அந்த வகுப்பு நம் வீட்டுக்கு வந்த கதை உனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம் இருக்கும், அப்போது நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய், ஆசிரியர் கலாசாலைக்குப் போயிருக்கவில்லை. கொழும்பில் இருந்த கல்லூரியில் நான் மாதத்தில் ஒரு கிழமை போய் மருந்தாக்கம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பிறகு சண்டையால் பாதை கெட்டது. பஸ் புறப்பட்டால் போய்ச் சேருமா என்று தெரியாத காலம். நம் பகுதிப் பிள்ளைகள் இரண்டாம் வருடத்தோடு படிப்பை விட்டுவிடுவார்கள் போல இருந்தது. செய்முறையை வீட்டிலேயே நடத்துங்கள், சோதனைக்கு மட்டும் அனுப்புங்கள் என்று கல்லூரியில் சொன்னார்கள். அப்படித்தான் நம் முன் ஹோலில் அந்த நீள மேசையும், இரண்டு அலுமாரியும், பீங்கான் கல்வங்களும், பழுப்புப் போத்தல்களும் வந்து இறங்கின. கல்முனைப் பிள்ளைகள், நிந்தவூர்ப் பிள்ளைகள், காரதீவிலிருந்து கௌரி. தமிழ், முஸ்லிம் என்று இரு பக்கத்து ஆட்களும் ஒருவரை ஒருவர் பார்த்தால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்த நாட்களில் இந்த மேசையைச் சுற்றி எல்லோரும் ஒரே கல்வத்தை மாறி மாறி அரைத்தார்கள். பால்சீனியோடு மருந்தை அரைக்கும்போது ஒருவர் களைத்தால் அடுத்தவர் அதே வேகத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும், நடுவில் நிற்கக்கூடாது. "நின்றால் திரும்பவும் முதலிலிருந்து" என்று நான் கத்துவது சாச்சி வீடு வரை கேட்கும்.

ஸ்பிரிட் போத்தல் வந்தபோது பள்ளிவாசல் மரைக்கார் விசாரிக்க வந்தாரே, அது ஞாபகமா? ஜும்ஆ முடிந்த கையோடு, அத்தர் கமகமக்க. வீட்டுக்குள் மதுசாரம் வைத்துப் பிள்ளைகளுக்கு என்ன படிப்பிக்கிறேன் என்று கேட்டார். "தாராளமா உள்ள வந்து பாருங்க, ஆனா முதல்ல கிணத்தடியில கை கழுத்தெல்லாம் கழுவிட்டு வரணும்" என்றேன். "வெள்ளிக்கிழம பூசின அத்தரக் கழுவுறதா?" என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார். விசாரணை அத்தோடு முடிந்தது. நீயும் உம்மாவும் குசினிக்குள் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். எனக்கு அந்தச் சிரிப்புச் சத்தம் வேண்டும்போல இருக்கிறது, மகன்.

உம்மாவுக்கு வாசனை என்றால் உயிர். இதை நீ கவனித்திருக்கிறாயா தெரியாது. நான் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த புதிதில் உம்மாவைப் பெற்ற உன் மூத்தம்மா வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டா. என் மருந்துப் பெட்டி கெட்டுவிடும் என்று மூன்றாவது வெள்ளியே நான் அதை நிற்பாட்டச் சொன்னேன். இன்னொருவருடைய வீட்டுக்கு வந்த புதுமாப்பிள்ளை! அவ சட்டியை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனா. ஆகவே உனக்கு ஒரு புத்தி சொல்கிறேன், கேட்டுக்கொள். சம்மாந்துறை வீட்டில் உன் மாமி எதை எங்கே வைக்கிறாவோ அது அங்கேயே இருக்கட்டும். உன் மாமாவின் அரிசி ஆலைத் தூசு சட்டையில் படிந்தால் உதறிவிட்டுப் போ. உனக்குப் பிடிக்காத ஒன்றை மாற்றத் தோன்றினால் ஒரு வருடம் பொறு. பொறுத்த பிறகு அது உனக்கே பிடித்துப்போய்விடும். நான் பொறுக்கவில்லை.

உம்மா தன் அத்தர் போத்தலைச் சாச்சி வீட்டில் வைத்திருந்தா. கலியாண வீடு, பெருநாள் என்றால் சாச்சி வீட்டில் போய் உடுத்து, பூசி, அங்கிருந்தே புறப்படுவா. திரும்பி வந்ததும் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவா. நான் அதைக் கேட்டுப் பெறவில்லை, அவவாகவே செய்தா, எனக்கும் அது வசதியாக இருந்தது. கௌரி வகுப்புக்கு வரும்போது தலையில் மல்லிகைச் சரம் இருக்கும். அவள் கடப்படியில் அதைக் கழற்றி வேலிக் கம்பில் மாட்டுவாள், ஒருநாள் ஆடு தின்றுவிட்டது. அதற்குப் பிறகு உம்மா சொன்னா, "இஞ்ச தா புள்ள, நீ வரும்வரைக்கும் நான் வெச்சிரிக்கன்." வகுப்பு முடியும் வரை உம்மா வேம்புக்குக் கீழே வாங்கில் உட்கார்ந்திருப்பா. பூவைப் பத்திரமாகக் கையில் வைத்திருக்கிறா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் யன்னலால் பார்த்தால், முக்காட்டுக்குள்ளே தலையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டிருந்தா. நான் பார்த்ததைச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு மருந்தை வீரியப்படுத்துவது பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

இனி உம்மா வருத்தமாகக் கிடந்த நாட்களுக்கு வருகிறேன். உனக்கும் எனக்கும் நடுவில் நிற்பது அதுதான். ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றும் இல்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். என் அலுமாரியிலும் அதற்கு மருந்து இல்லை. இருக்கிறது என்று சொல்லி உம்மாவை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை. நீ கலாசாலையிலிருந்து இடையிடையே லீவு எடுத்து வந்து போய்க்கொண்டிருந்தாய். சாச்சி ஒரு பின்னேரம் என்னைக் கூப்பிட்டு, அழுகையை அடக்கிக்கொண்டு மெதுவாகக் கேட்டா. "மச்சான், கோவிக்க வேணாம். கடசி நேரம் வந்தா ராத்தாவ என்ட ஊட்டுக்குத் தூக்கிட்டுப் போவமா? மையித்துக் குளிப்பாட்டக் கற்பூரத் தண்ணி வேணும். உங்கட மருந்தெல்லாம் கெட்டுப்போயிடுமே." அவ என் மேல் உள்ள மரியாதையில்தான் கேட்டா. ஆனால் நான் திரும்பி இந்த வீட்டைப் பார்த்தேன். உன் உம்மா இந்த வளவில் பிறந்தவ. இந்த வீட்டை அவவுடைய வாப்பா அவவுக்கென்று கட்டிக் கொடுத்தது. அவவைக் குளிப்பாட்டுவதற்கு இன்னொரு வீட்டில் இடம் பார்க்கிற அளவுக்கு நான் இந்த வீட்டை ஆக்கி வைத்திருக்கிறேன்.

அடுத்த நாள் காலையிலேயே கௌரிக்கு ஆள் அனுப்பினேன். அவளுடைய அண்ணன் வயலுக்குப் போகிற லேண்ட்மாஸ்டர் உழவு மெஷினைப் பெட்டியோடு கொண்டுவந்தான். போத்தல்களை வைக்கோலுக்குள் அடுக்கிப் பெட்டி பெட்டியாக ஏற்றினோம். ஆமிச் சென்றியில் மறித்து, வெள்ளைத் தூளையும் ஸ்பிரிட்டையும் பார்த்து என்ன கேட்பார்களோ என்று பயம் இருந்தாலும் கௌரி, "நான் கதைச்சுக் கொள்ளுறன் சேர், நீங்க அம்மாவோட இருங்க" என்றாள். மேசையும் கடைசிப் பெட்டியும் ஏறிக்கொண்டிருக்கும்போதுதான் நீ பையோடு கடப்படியில் வந்து நின்றாய். லேண்ட்மாஸ்டரைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். நேரே சாச்சி வீட்டுக்குப் போய், "உம்மா மூச்சு வாங்கிட்டுக் கிடக்கா, இவரு மருந்தக் காப்பாத்திட்டு இரிக்காரு" என்று சொன்னாய். சுவருக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். கேட்டது. மருந்தைக் காப்பாற்றவும்தான் அனுப்பினேன், அது பொய் இல்லை. எறிந்துவிட்டு இருந்திருக்கலாம். பிள்ளைகளின் வருடம் போய்விடும் என்று நினைத்தேன். ஆனால் எதற்காக வீட்டைக் காலி செய்தேன் என்பதை நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அன்றைக்கே உன்னைத் தோளில் பிடித்து நிறுத்திச் சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திருக்காது.

நீ சாச்சி வீட்டில் இருந்த அந்த நேரத்தில் அறைக்குள் நடந்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உம்மா என்னைக் கண்ணால் கூப்பிட்டா. "என்ன, அலுமாரியெல்லாம் போகுது போல?" என்று கேட்டா. நான் திடுக்கிட்டுப் போய், தூசு தட்டப் போகிறோம் என்று உளறினேன். உம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க மூச்சு இல்லை. "தூசு தட்டக் காரதீவுக்கா கொண்டு போற?" பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு, "அப்ப கற்பூரம் வரப்போகுது" என்று சொன்னா. எத்தனை வருடம் இந்தச் சட்டத்தோடு வாழ்ந்தவ! மருந்து வெளியே போனால் எது உள்ளே வரும் என்று அவவுக்கா தெரியாது? டொக்டர்மார் சொல்லாததை, நான் மறைத்ததை, அந்தப் பெட்டிகள் போய்ச் சொல்லிவிட்டன. எனக்கு இது ஒரு கணம் கூடத் தோன்றவில்லை, மகன். அவ நிம்மதியாகத் தன் வீட்டில் இருந்து போக வேண்டும் என்று செய்த வேலை, போகப் போகிறாய் என்று அவ முகத்துக்கு நேரே சொன்ன வேலையாகப் போய்விட்டது. நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

உம்மா அழவில்லை. "அழாம எழும்பிப் போய், தங்கச்சிட ஊட்டுல இரிக்கிற என்ட அத்தர் போத்தல எடுத்துத் தாங்க" என்றா. ஓடிப்போய் எடுத்து வந்தேன். நான்தான் பூசிவிட்டேன். மணிக்கட்டில், கழுத்தில், தலையணையில். எனக்குப் பூசத் தெரியாது, அதிகமாக ஊற்றிவிட்டேன். அறை முழுக்க மணந்தது. உம்மா நீளமாக மூச்செடுக்கப் பார்த்துவிட்டு, "இப்பதான் என்ட ஊடு மாதிரி இரிக்கி" என்று சொன்னா. நீ உள்ளே வந்தபோது அந்த வாசனை உனக்கு அடித்திருக்கும். சாச்சி பூசிவிட்டதாக நினைத்திருப்பாய். அதற்குப் பிறகு உம்மா இருந்த அந்தக் கொஞ்ச நாளும் அத்தரோடுதான் இருந்தா, சாச்சி மல்லிகையும் கொண்டுவந்து வைத்தா. மௌத்தான பிறகு இந்த வீட்டிலேயே கற்பூரத் தண்ணீரில் குளிப்பாட்டினார்கள், இந்தக் கடப்படியால்தான் நீயும் நானும் தோள் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போனோம்.

அதற்குப் பிறகாவது நான் திருந்தியிருக்க வேண்டும் என்று நீ நினைப்பாய். யன்னல்களைத் திறந்துவிட்டு, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, வாசனை முழுதும் போன பிறகு பெட்டிகளைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். உம்மாவின் அத்தர் போத்தல் மறுபடி சாச்சி வீட்டுக்குப் போனது. நீ அதைப் பார்த்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கலாசாலைக்குப் போனாய். காரணம் சொல்கிறேன், நம்பினால் நம்பு. எனக்குப் பயம். வகுப்பு இல்லாவிட்டால் இந்தக் கடப்படியைத் தாண்டி வருவதற்கு யாரும் இல்லை. பிள்ளைகள் வந்து கல்வத்தைத் தட்டுகிற சத்தம், போத்தலை உள்ளங்கையில் அடித்துக் குலுக்குகிற சத்தம், பிழை விடுகிறவனுக்கு நான் ஏசுகிற சத்தம், இதெல்லாம் இருக்கும்வரை வீட்டில் ஆள் இருக்கிறது. அவர்கள் போன பிறகு தேத்தண்ணி ஊற்றினால் பழக்கத்தில் இரண்டு கோப்பை எடுத்துவிடுவேன். நீ கலியாணம் முடித்துப் போன பிறகும் ஒருநாள் எடுத்தேன். ஒன்றைக் கழுவாமலே திரும்பக் கவிழ்த்து வைத்தேன்.

வருகிற வெள்ளிக்கிழமை நீ மருமகளைக் கூட்டிக்கொண்டு முதல்முறை வருகிறாய். சாச்சி தன் வீட்டில் சாப்பாட்டுக்கு எல்லாம் ஒழுங்கு செய்துவிட்டா, எனக்குக் கஷ்டம் தரக்கூடாதாம். புதுப்பெண் அத்தரும் பூவுமாகத்தான் வருவா, இந்த வீட்டுக்குள் எப்படி வரச் சொல்வது, கடப்படியில் நின்று ஸலாம் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று நீயே சொன்னாயாம். நீ சொன்னதில் பிழை இல்லை. சாச்சி சொல்லிக் கேட்டுவிட்டு, ஹோலுக்கு வந்து அலுமாரிக் கதவுகளைத் திறந்தேன்.

அதனால் இன்று காலை மறுபடி கௌரியை வரச் சொன்னேன். அவள் இப்போது டொக்டர், காரதீவில் தன் வீட்டோடு சின்ன டிஸ்பென்சரி வைத்திருக்கிறாள், முதல் வருடப் பிள்ளைகளுக்கு அவள்தான் பாடம் எடுக்கிறாள். அண்ணனுடைய லேண்ட்மாஸ்டரோடு வந்து இறங்கியவள், அலுமாரிக் கதவுகள் திறந்து கிடப்பதையும் வைக்கோல் பெட்டிகளையும் பார்த்ததும் முகம் வெளுத்துப் போனாள். "சேர், ஆருக்கு? உங்களுக்கு ஏதும் சுகமில்லையா?" என்று என் கையைப் பிடித்து நாடி பார்க்கத் தொடங்கிவிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கு ஒண்டுமில்ல புள்ள. மருமகள் வாறா" என்றேன். அவள் அப்படியே வாங்கில் உட்கார்ந்து அழுதாள். பிறகு, "மறுகா எப்ப சேர் திருப்பிக் கொண்டு வாற?" என்று கேட்டாள். திருப்பிக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இனி வகுப்பு அவளுடைய வீட்டில். கிழமையில் இரண்டு நாள் நான் சைக்கிளில் போய்ப் படிப்பித்துவிட்டு வருவேன், என் மூக்கு அங்கேயும் சட்டம் போடும், அந்தப் பிள்ளைகள் பாவம். சம்மாந்துறையிலிருந்து வரும்போது காரதீவுச் சந்தியில் பார், அலுமாரிகள் இன்னும் அவளுடைய விறாந்தையில்தான் நிற்கும்.

லேண்ட்மாஸ்டர் போன பிறகு முன் ஹோலில் நடந்து பார்த்தேன். மேசை நின்ற இடத்தில் சிமெந்து வேறு நிறமாக இருக்கிறது. காலடிச் சத்தம் எதிரொலிக்கிறது. கௌரியும் பிள்ளைகளும் வராத வீடு, நீயும் இல்லாத வீடு. இந்தக் கடிதத்தை எழுதி முடிக்கும்வரை ஒரு மனித சத்தம் கேட்கவில்லை. வகுப்பை அனுப்பிவிட்டு உன்னைக் கூப்பிடுவது சரிதானா என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை, நீ வராமல் சாச்சி வீட்டோடு போய்விட்டால் எனக்கு வகுப்பும் இல்லை, நீயும் இல்லை. ஆனாலும் அத்தர் போத்தலைச் சாச்சியிடம் வாங்கி வந்துவிட்டேன். உம்மாவின் அலுமாரித் தட்டில், அவ வைக்க ஆசைப்பட்டிருக்கக்கூடிய இடத்தில் வைத்திருக்கிறேன். அடியில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, மருமகளுக்குப் போதும்.

பழக்கமா, கோபமா என்று நீ பதில் எழுத வேண்டாம். கோபம் என்றால் அதையும் கூட்டிக்கொண்டு வா. வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்ததும் உடுத்த உடுப்போடு, பூசிய அத்தரோடு, மருமகளின் பூவோடு வாருங்கள். மருமகளைக் கிணற்றடிப் பக்கம் போக விட்டுவிடாதே. முதல்முறை இந்த வீட்டை விட்டுப் பெட்டிகள் போனபோது உம்மாவுக்கு விளங்கிவிட்டது. இந்த முறை உனக்கு விளங்க வேண்டும். நான் கடப்படிக்கு வரமாட்டேன், ஹோலில்தான் இருப்பேன். நீ உள்ளே வந்து கட்டிப்பிடி. என் சட்டையில் அந்த வாசனை ஒட்டட்டும், நான் அதைத் துவைக்கப் போவதில்லை.

உன் வாப்பா